ஈ.ஈ.ஜி பதிவைச் சராசரி எடுத்துத் தெளிவாக்குவது எப்படி?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமிருந்து கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் படிக்கப் போகிற பிள்ளைகளில் பயோமெடிக்கலோ சைக்காலஜியோ எடுத்தவர்கள் ப்ராஜெக்ட் சமயத்தில் வந்து கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அக்கா, காதில் சத்தம் கொடுத்து மூளை அலையைப் பதிவு பண்ணினோம், சத்தம் வந்த இடத்தில் ஒரு மாற்றமும் தெரியலையே, மெஷின் கோளாறா?" மெஷினில் கோளாறு இல்லை. அந்த மாற்றம் அங்கேதான் இருக்கிறது, ஆனால் ஒரு தடவை மட்டும் பதிவு செய்து பார்த்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. அதை வெளியே எடுக்கிற வேலையை முதலிலிருந்து சொல்கிறேன். கணக்கு என்று பார்த்தால் பள்ளிக்கூடத்துச் சராசரிக்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடையாது. கஷ்டமெல்லாம் சராசரி எடுப்பதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது, பலர் அவசரப்பட்டுக் கோட்டைவிடுவதும் அங்கேதான்.

முதலில் அளவுகளை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தலைத்தோலில் எலக்ட்ரோடு வைத்து எடுக்கிற ஈ.ஈ.ஜி, அதாவது மூளையின் மின்னலைப் பதிவு, சாதாரணமாக 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரை ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு சத்தத்துக்கோ படத்துக்கோ மூளை கொடுக்கிற பதில் 1 முதல் 10 மைக்ரோவோல்ட்தான், பல சமயம் ஐந்துக்கும் கீழே. கண்ணை மூடினால் வருகிற ஆல்ஃபா அலை, பல்லைக் கடித்தால் வருகிற தசை மின்சாரம், கண் சிமிட்டல், சுவரில் ஓடுகிற வயரிலிருந்து வருகிற 50 ஹெர்ட்ஸ், எல்லாமே அதைவிடப் பெரிது.

இதற்கு வழி கண்டுபிடித்துப் பல காலம் ஆகிறது. ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதரிடமிருந்து முதல் ஈ.ஈ.ஜி-யை எடுத்து 1929-இல் வெளியிட்டார். லண்டனில் ஜார்ஜ் டாசன் 1947-இல் ஒரே தூண்டலுக்கு வந்த பல பதிவுகளை ஒரே ஃபோட்டோவில் ஒன்றன்மேல் ஒன்றாக விழவைத்துக் காட்டினார், 1950-களின் தொடக்கத்தில் அவற்றைக் கூட்டுவதற்கென்றே ஒரு இயந்திரம் கட்டினார். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கிற பெரா சோதனை இருக்கிறதே, அதுவும் இதே கணக்குதான். அதில் மூளைத்தண்டின் பதில் 1 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு, அதனால் ஆயிரம் இரண்டாயிரம் க்ளிக் சத்தம் கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள்.

சராசரி ஏன் வேலை செய்கிறது

பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக்காற்று அடிக்கிற நாட்களில் தூரத்து மில் சங்கை ஃபோனில் பதிவு செய்தால் காற்றுதான் கேட்கும். அதே சங்கைப் பல நாள் பதிவு செய்து, சங்கு தொடங்குகிற நொடியை நேராக வைத்து எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். காற்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி, ஒரு நாள் மேலே போன இடத்தில் இன்னொரு நாள் கீழே போயிருக்கும், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சிறுத்துவிடும். சங்கு எல்லா நாளும் அதே இடத்தில் அதே மாதிரி வருவதால் மிஞ்சும்.

இதில் இரண்டு நிபந்தனை ஒளிந்திருக்கிறது, இந்த இரண்டைத்தான் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, மூளையின் பதில் ஒவ்வொரு தடவையும் அதே நேரத்தில், ஏறக்குறைய அதே வடிவத்தில் வர வேண்டும். இரண்டு, இரைச்சலுக்கும் நீங்கள் கொடுக்கிற சத்தத்தின் நேரத்துக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. இவை நடந்தால், எத்தனை தடவை பதிவு செய்கிறீர்களோ அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு இரைச்சல் குறையும். 100 தடவை என்றால் பத்தில் ஒரு பங்கு. ஒரு பதிவை ட்ரயல் என்று சொல்வோம். பதில் 5 மைக்ரோவோல்ட், இரைச்சல் 20 என்று வைத்துக்கொண்டால், 16 ட்ரயலில் இரைச்சல் 5 ஆகிப் பதிலும் இரைச்சலும் சரிக்குச் சரி நிற்கும், 64 ட்ரயலில் 2.5 ஆகிக் கொஞ்சம் முகம் தெரியும், 256 ட்ரயலில் 1.25 ஆகி நன்றாகவே தெரியும். இரைச்சலைப் பாதியாக்க ட்ரயலை நான்கு மடங்காக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் "ட்ரயலைக் கூட்டினால் போதும்" என்ற யோசனை சீக்கிரமே முட்டி நின்றுவிடும். இருக்கிற இரைச்சலை வரும் இடத்திலேயே பாதியாகக் குறைப்பதும், பரிசோதனையை நான்கு மடங்கு நேரம் ஓட்டுவதும் ஒரே பலனைத்தான் தரும், எது சுலபம் என்று நீங்களே பாருங்கள்.

மெஷின் கைக்கு வருவதற்கு முன் இதைக் கணினியில் ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள். விரிதாளே போதும். ஒரு வரிசை ஒரு ட்ரயல், ஒரு நெடுவரிசை ஒரு நேரப்புள்ளி. 100 மில்லிசெகண்ட் இடத்தில் 5 மைக்ரோவோல்ட் உயரத்துக்கு ஒரு மேடு போடுங்கள், எல்லா வரிசையிலும் அதே மேடு. அதன்மேல் சராசரி 0, திட்டவிலக்கம் 20 வரும்படி ரேண்டம் எண்களைக் கூட்டுங்கள். எந்த ஒரு வரிசையை எடுத்து வரைந்தாலும் குப்பைதான் வரும். நெடுவரிசை வாரியாகச் சராசரி எடுத்து வரைந்தால் மேடு எழுந்து நிற்கும். அப்புறம் அந்த மேட்டை ஒவ்வொரு வரிசையிலும் முன்னும் பின்னும் 30, 40 மில்லிசெகண்ட் நகர்த்திவிட்டு மறுபடி சராசரி எடுங்கள், மேடு குட்டையாகவும் அகலமாகவும் ஆகிவிடும். முதல் நிபந்தனை எதற்காக என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது.

பதிவு செய்யும்போது

முதல் பரிசோதனைக்கு 1000 ஹெர்ட்ஸ் பீப் சத்தம் ஒன்றே போதும். எலக்ட்ரோடும் குறைந்தது மூன்று இருந்தால் போதும்: உச்சந்தலையில் ஒன்று, காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் ரெஃபரன்ஸ் (உச்சந்தலையை இதோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறோம்), நெற்றியில் கிரவுண்ட் (மெஷினுக்கான பொதுப் புள்ளி). உச்சந்தலைப் புள்ளிக்கு சி இசட் என்று பெயர், எலக்ட்ரோடு வைக்கிற இடங்களுக்கென்று 1958-இல் ஜாஸ்பர் வகுத்துக் கொடுத்த 10-20 முறையில் வருவது. மூக்கின் மேல்பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை டேப் வைத்து அளந்து பாதி, காதுக்குக் காது அளந்து பாதி, இரண்டும் சந்திக்கிற இடம். கண் சிமிட்டலைப் பிடிக்க கண்ணுக்குக் கீழே கூடுதலாக ஒன்று வைத்தால் நல்லது.

நம் ஊரில் எல்லோரும் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கிறவர்கள், அது எலக்ட்ரோடுக்குப் பெரிய எதிரி. முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், முடியை நன்றாகக் காயவைத்து வரச் சொல்லுங்கள். எலக்ட்ரோடு வைக்கிற இடத்தை ஸ்க்ரப் ஜெல் போட்டு லேசாகத் தேய்த்து, இம்பீடன்ஸ் (எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் நடுவே உள்ள மின்தடை) 5 கிலோ ஓமுக்குக் கீழே வரும்வரை விடாதீர்கள், 10-க்கு மேல் இருந்தால் பதிவைத் தொடங்கவே வேண்டாம் (நவீன ஆம்ப்ளிஃபயர் சிலது இன்னும் அதிகத்தையும் தாங்கும், ஆனால் கற்றுக்கொள்கிற காலத்தில் கறாராக இருப்பதுதான் நல்லது). அடுத்தது வியர்வை. பங்குனி, சித்திரையில் பாலக்காடு 40 டிகிரியை ஒட்டிக் காய்கிறபோது ஃபேன் மட்டும் உள்ள அறையில் பதிவு செய்தால் அலை மெதுவாக மேலேயும் கீழேயும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது மூளையில்லை, தோல். ஏசி அறை கிடைக்காவிட்டால் காலை வேளையில் முடித்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார வைத்தால் தூக்கம் வந்து ஆல்ஃபா பெருகும், அதுவும் வேண்டாம்.

லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சல் குறையும் என்பது ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு. ஒருவர் தலையில் எலக்ட்ரோடை ஒட்டிவிட்டு அந்தச் சாதனத்தைச் சுவர் கரண்டோடு சேர்ப்பது மருத்துவத் தரத்தில் தனிமைப்படுத்திய கருவியில் மட்டும்தான் செய்யலாம், நீங்களாகக் கட்டிய சர்க்யூட்டில் ஒருபோதும் கூடாது. பக்கத்து அறையில் இன்வெர்ட்டர், தோட்டத்தில் பம்புசெட் ஓடினால் அதற்கும் தள்ளி உட்காருங்கள்.

இப்போது நேரம். சத்தம் போன அதே கணத்தை மெஷினுக்குச் சொல்கிற குறிக்கு ட்ரிக்கர் என்று பெயர். சத்தம் உண்மையில் காதுக்குப் போவதும் ட்ரிக்கர் விழுவதும் ஒரே அளவு இடைவெளியில் நடக்க வேண்டும். எப்போதும் 20 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் பிரச்சினையில்லை, கழித்துக்கொள்ளலாம். ஒரு தடவை 20, இன்னொரு தடவை 70 என்றால் விரிதாளில் பார்த்த அந்தக் குட்டை மேடுதான் கிடைக்கும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் கண்டிப்பாக வேண்டாம், தாமதம் 100 மில்லிசெகண்டுக்கு மேலும் போகலாம், நிலையாகவும் இருக்காது. வயர் வைத்த இயர்ஃபோன் வாங்குங்கள். படம் காட்டுகிற பரிசோதனை என்றால் திரையின் மூலையில் வெளிச்சத்தை உணர்கிற ஒரு ஃபோட்டோ டையோடு ஒட்டி, படம் உண்மையிலேயே எப்போது வந்தது என்று அளந்து பாருங்கள்.

இன்னொரு விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை, அது இரண்டாவது நிபந்தனையைச் சத்தமில்லாமல் உடைத்துவிடும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். சத்தத்தை ஒழுங்காக 1000 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை கொடுத்தால் இடையில் சரியாக 50 சுற்று, ஆகவே ஒவ்வொரு ட்ரயலிலும் கரண்ட் அலை கிட்டத்தட்ட ஒரே கட்டத்தில், அதாவது தன் சுற்றின் அதே இடத்தில், வந்து நிற்கும், எத்தனை ஆயிரம் ட்ரயல் சேர்த்தாலும் அது கரையாது. பெரா சோதனையில் நொடிக்கு 11.1, 21.1 என்று வட்டமில்லாத எண்ணில் க்ளிக் கொடுப்பதும் இதற்காகத்தான். நீங்கள் இடைவெளியை 1500-க்கும் 2100-க்கும் நடுவே ரேண்டமாக மாற்றிக்கொண்டே இருங்கள். இதனால் ஆல்ஃபாவும் சேர்ந்து கலையும், அடுத்த சத்தம் எப்போது என்று கேட்கிறவரும் ஊகிக்க முடியாது. இடைவெளியை ரொம்பக் குறைத்தாலும் பதில் சிறுத்துப்போகும், அவசரம் வேண்டாம்.

மொத்தம் 150 பீப் கொடுங்கள். 50-க்கு ஒரு தடவை நிறுத்திக் கண்ணுக்கும் கழுத்துக்கும் ஓய்வு கொடுங்கள். பார்ப்பதற்குச் சுவரில் ஒரு புள்ளி இருக்கட்டும். ரொம்ப முக்கியம்: சத்தம் கேட்டதும் சிமிட்டுகிறவரா என்று கவனியுங்கள். சத்தத்தோடு ஒட்டி வருகிற சிமிட்டல் சராசரியில் அழியவே அழியாது, பதில் மாதிரியே வேஷம் போட்டு நிற்கும். அப்படி இருந்தால் ஒலியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

வெட்டி, சுத்தம் செய்து, கூட்டுவது

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. பைத்தான் தெரிந்தவர்கள் எம்.என்.ஈ எடுத்துக்கொள்ளுங்கள், மேட்லேப் இருக்கிற கல்லூரி என்றால் ஈஈஜிலேப். இரண்டுமே இலவசம், இரண்டிலும் கீழே சொல்கிற வேலைகள் ஒரே வரிசைதான்.

வெட்டுவதற்கு முன், முழுப் பதிவாக இருக்கும்போதே, வேண்டாத அதிர்வெண்களை வடிகட்டுகிற ஃபில்டர் போடுங்கள். துண்டாக வெட்டின பிறகு போட்டால் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அலை கோணலாகும். கீழே 0.1 ஹெர்ட்ஸ், மேலே 30 ஹெர்ட்ஸ் என்று தொடங்குங்கள். வியர்வை ஆட்டத்தைப் பார்த்துப் பயந்துபோய்க் கீழ் எல்லையை 1, 2 ஹெர்ட்ஸ் என்று ஏற்றினால் படம் அழகாக இருக்கும், ஆனால் மெதுவான அலைகள் சிதைந்து இல்லாத பள்ளமெல்லாம் முளைக்கும். அந்த அழகை நம்பாதீர்கள்.

அப்புறம் ஒவ்வொரு ட்ரிக்கருக்கும் 200 மில்லிசெகண்ட் முன்னாலிருந்து 800 பின்னால் வரை வெட்டுங்கள். இந்தத் துண்டுக்கு எபோக் என்று பெயர். நொடிக்கு 250 புள்ளி எடுத்திருந்தால் ஒரு எபோக்கில் 250 புள்ளி, 150 பீப்புக்கு 150 வரிசை, விரிதாளில் செய்து பார்த்த அதே அட்டவணை. ட்ரிக்கருக்கு முன்னால் உள்ள 200 மில்லிசெகண்டின் சராசரியை ஒவ்வொரு எபோக்கிலிருந்தும் கழித்துவிட்டால் எல்லாம் ஒரே பூஜ்யத்திலிருந்து புறப்படும், இது பேஸ்லைன் திருத்தம்.

சுத்தம் செய்வதில் கை நடுங்க வேண்டாம், கை தாராளமாகவும் வேண்டாம். ஒரு கணக்கு சொல்கிறேன்: 50 ட்ரயலில் ஒன்றே ஒன்றில் 100 மைக்ரோவோல்ட் சிமிட்டல் இருந்தால் சராசரியில் அது 2 மைக்ரோவோல்ட்டாக வந்து உட்காரும், நீங்கள் தேடுகிற பதிலே அந்த அளவுதான். அதனால் ப்ளஸ் பக்கமோ மைனஸ் பக்கமோ 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டுகிற எபோக்கை விலக்குங்கள் என்று தொடங்கி, அப்புறம் கண்ணால் ஒவ்வொன்றையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். இந்த வேலைக்கு அலுப்புப் படாதீர்கள், கண் இதில்தான் பழகும். சிமிட்டல் ரொம்ப அதிகமாக இருந்து, எலக்ட்ரோடும் நிறைய இருந்தால் ஐ.சி.ஏ முறையில் (கலந்து வந்த அலைகளைத் தனித்தனி மூலங்களாகப் பிரிக்கிற கணக்கு) சிமிட்டலை மட்டும் பிரித்துக் கழிக்கலாம். மூன்று எலக்ட்ரோடில் அது சரிப்படாது. விலக்குகிற விதியைச் சராசரியைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள், வரைபடம் நமக்குப் பிடித்த மாதிரி வரும்வரை எல்லையை மாற்றிக்கொண்டே போவது பரிசோதனையாகாது.

இப்போது கூட்டி வகுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் உச்சந்தலையில் 100 மில்லிசெகண்ட் சுமாருக்கு ஒரு மைனஸ் பள்ளம், 200 சுமாருக்கு ஒரு ப்ளஸ் மேடு தெரியும். இவைதான் என்1, பி2. சில ஆய்வுக்கூடங்களில் மைனஸை மேல்பக்கம் போட்டு வரைவார்கள், ஒப்பிடும்போது அச்சைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிடைத்தது நிஜமா

மேடு தெரிந்ததும் சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒற்றைப்படை ட்ரயல்களைத் தனியாக, இரட்டைப்படையைத் தனியாகச் சராசரி எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வரையுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் அதே மேடு இருந்தால் நம்பலாம். இதைவிட எனக்குப் பிடித்தது ப்ளஸ்-மைனஸ் சராசரி: ஒரு ட்ரயலைக் கூட்டுங்கள், அடுத்ததைக் கழியுங்கள், இப்படியே மாறி மாறிப் போய்க் கடைசியில் வகுங்கள். எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கிற பதில் அழிந்துபோய், மிச்சமிருக்கிற இரைச்சல் மட்டும் நிற்கும். உங்கள் மேடு இந்த மிச்சத்தைவிடத் தெளிவாக உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டே வரி நிரல், ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் இருக்க வேண்டியது.

சராசரியில் எல்லாம் வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். சத்தத்துக்குப் பிறகு வருகிற அலைத்துடிப்பு ஒவ்வொரு தடவையும் வேறு கட்டத்தில் தொடங்கினால் அது மூளையின் நிஜமான பதிலாகவே இருந்தாலும் கூட்டும்போது காணாமல் போகும், அதற்கு அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் பார்க்கிற வேறு முறை இருக்கிறது. அதேபோல யோசித்து முடிவெடுக்கிற வேலைகளில் பதில் ஒரு தடவை சீக்கிரமாகவும் ஒரு தடவை தாமதமாகவும் வரும். 1965-இல் சட்டன் குழுவினர் காட்டிய பி300 அலை அப்படிப்பட்டது. அதன் சராசரி குட்டையாக இருந்தால் பதில் சிறியது என்று அர்த்தமில்லை, நேரம் கலைந்ததாகவும் இருக்கலாம்.

இரண்டு சத்தங்களை ஒப்பிட்டால்

அடிக்கடி வருகிற சத்தம் 400, எப்போதாவது வருகிற சத்தம் 100 என்று வைத்து ஒப்பிடுகிறவர்கள், இரண்டிலும் உச்சிப்புள்ளியை எடுத்து ஒப்பிடாதீர்கள். ட்ரயல் குறைந்த சராசரியில் இரைச்சல் மிச்சம் அதிகம், அந்த இரைச்சல் உச்சியைத் தானாகவே உயர்த்திக் காட்டும். ஒரு நேரத் துண்டின் சராசரி உயரத்தை எடுத்தால் இந்தச் சாய்வு வராது.

இதில் நம் எல்லைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல விஷயம் காத்திருக்கிறது. ஃபின்லாந்து நாட்டு ஆய்வாளர் ரிஸ்டோ நாட்டனென் 1978-இல் காட்டிய எம்.எம்.என் என்ற பதில், ஒரே மாதிரி வந்துகொண்டிருந்த சத்தத்தில் திடீரென்று ஒன்று மாறினால், கேட்கிறவர் கவனிக்காவிட்டாலும் 150 முதல் 250 மில்லிசெகண்டுக்குள் வரும். அவர் குழு 1997-இல், எஸ்டோனிய மொழியில் உள்ள, ஆனால் ஃபின்னிஷில் இல்லாத ஒரு உயிரொலியைக் கொடுத்தபோது எஸ்டோனியர்களிடம் இந்தப் பதில் பெரிதாகவும் ஃபின்னியர்களிடம் சிறிதாகவும் வந்தது. அந்த இரண்டும் தமிழும் மலையாளமும் போல ஒரு குடும்பத்து மொழிகள். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்கிற சித்தூர் தாலுகாப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்ப்பது எவ்வளவு அருமையான ப்ராஜெக்ட்! செய்கிறவர்கள் ஒரே ஆளிடம் ஒலிகளைப் பதிவு செய்து, நீளத்தையும் ஒலி அளவையும் சமமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு சுற்றில் அடிக்கடி வந்த ஒலியை அடுத்த சுற்றில் அபூர்வமாக வைத்து, அபூர்வமாக வந்தபோது கிடைத்த சராசரியிலிருந்து அதே ஒலி அடிக்கடி வந்தபோது கிடைத்ததைக் கழித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒலியின் வித்தியாசத்தை மூளையின் வித்தியாசம் என்று எழுதிவிடுவீர்கள். அபூர்வ ஒலிக்கு 150 ட்ரயலாவது மிஞ்சும்படி திட்டமிடுங்கள். கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும், ஒப்புதல் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும், இதில் நோய் எதுவும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்பதை வாயாலும் சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் ஒவ்வொருவருக்கும் எத்தனை ட்ரயல் கொடுத்தோம், எத்தனை விலக்கினோம், எத்தனை மிஞ்சியது, ஃபில்டர் எல்லை என்ன, ரெஃபரன்ஸ் எங்கே வைத்தோம் என்று அட்டவணையாகப் போடுங்கள். வெட்டாத, ஃபில்டர் போடாத மூலப் பதிவை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள், அதன்மேல் நேரடியாக எதையும் செய்யாதீர்கள்.